பிரான்சிஸ் நடந்த ஒன்பது கிலோமீட்டர்

மஸ்கட்டிலிருந்து இந்த முறை எனக்குக் கிடைத்தது இருபத்தாறு நாள் லீவு. மற்றவர்கள் லீவில் வந்தால் திருப்பதி போவார்கள், மனை பார்ப்பார்கள், பல் கட்டிக்கொள்வார்கள். நான் வந்தது நடப்பதற்கு. பெங்களூரில் இருக்கும் என் நண்பன் பிரான்சிஸோடு பக்கத்தில் பக்கத்தில் ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும், அது ஒன்றுதான் திட்டம். வெளிநாட்டில் இருந்துகொண்டு உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று மாதம் பத்துப் பேராவது எனக்கு எழுதுகிறீர்கள். உங்களுக்காகத்தான் இது. படித்து முடித்ததும் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எனக்குப் படிப்பு ஒன்பதாவது வரைக்கும்தான். ஆனால் பதினெட்டு வருடமாக மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் கம்ப்ரஸரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “நீங்களே சொல்லிடுங்கண்ணா” என்று ஒதுங்கி நிற்பார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாலே அந்தத் தெருவில் வெயில் இரண்டு டிகிரி இறங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான், இருந்தாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி மெடிக்கலில் சர்க்கரை இருநூற்று எண்பது என்று வந்தது. நட என்றார் டாக்டர். அங்கே நடப்பது அவ்வளவு லேசில்லை. காலை ஐந்து மணியை விட்டால் வெயில் அடித்துக் கொன்றுவிடும். ஊரில் என்றால் டீக்கடை வரைக்குமாவது கால் தானாகப் போகும். அங்கே எதிரில் வருபவனுக்கு நம் பாஷை தெரியாது, பார்க்க ஒரே காம்பவுண்டுச் சுவர்தான். பத்து நாள் நடந்தேன். பதினோராம் நாள் போர்வைதான் ஜெயித்தது.

அப்போது பிரான்சிஸ் ஒரு வழி சொன்னான். நானும் அவனும் இருபது வயதில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். அவன் லேத் மெஷினிலேயே இருந்து ரிட்டயர் ஆகி, ஆஸ்டின் டவுனில் குடியிருக்கிறான். அவனுக்கும் சர்க்கரை. “ரெண்டு பேரும் காதுல ஒயர மாட்டிக்கலாம்டா. நீ அங்க நட, நான் இங்க நடக்கிறேன். எது எது வருதோ சொல்லிக்கினே போலாம்” என்றான். அங்கே ஐந்து மணி என்றால் இங்கே ஆறரை. இன்டர்நெட் போனில் அவன் மைதானத்தைச் சொல்வான், சர்ச் மணியைச் சொல்வான், நான் மலையையும் கடலையும் சொல்வேன். மூன்று வருடம் இப்படியே நடந்தோம். என் சர்க்கரை நூற்று முப்பதுக்கு வந்து நின்றது. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு கலப்படம் செய்தேன். நான் நடந்தது நான்கு கிலோமீட்டர். கம்பெனி குவார்ட்டர்ஸ் காம்பவுண்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அரை கிலோமீட்டர், எட்டுச் சுற்று. கடல் அங்கிருந்து தெரியாது. முதல் நாள் அவன் நான்கு என்றான், நான் ஐந்து என்றேன். அவன் ஐந்துக்கு வந்தான், நான் ஆறு என்றேன். இப்படியே ஏறி ஒன்பதில் வந்து நின்றது. அவனும் ஆஸ்டின் டவுனிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் போய்த் திரும்ப ஆரம்பித்தான். போக நாலரை, வர நாலரை. வாயில் சொன்ன ஒன்பதை ஒரு நாளாவது அவன் பக்கத்தில் நடந்து நிஜமாக்கிவிடலாம் என்றுதான் லீவு எடுத்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. அவன் வழியிலேயே போய் எதிரில் நின்று திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

விமானம் விடிகாலை நாலு பத்துக்கு இறங்கியது. பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக்கு டாக்ஸி ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய், ஐம்பது நிமிடம். பெட்டி இரண்டு இருந்ததால் பஸ்ஸில் ஏறவில்லை. அன்று முழுக்கத் தூக்கம். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து ஷூ மாட்டும்போது என் மனைவி பரிமளா வாசலில் நின்று பார்த்தாள்.

“தெருமுனையில பால் வாங்கிட்டு வரச் சொன்னா முட்டி வலி. இப்ப ஆஸ்டின் டவுனுக்கு நடக்கப் போறீங்களா?”

“வர்றப்ப ஓடியே வந்துடுவேன் பாரு” என்றேன்.

“வர்றப்ப ஆட்டோவுக்குச் சில்லறை வெச்சிக்கினு போங்க.”

ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பி, ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டரை நான் நடந்த வேகத்தில் இரண்டு பைக்குகள் ஒதுங்கி வழி விட்டன. ஆறு பதினைந்துக்கெல்லாம் பூங்காவுக்குப் பக்கத்து முனையில் நின்றேன். மஞ்சள் பூ மரங்களும் பழைய பங்களாக்களும் இருக்கிற இடம், நடக்க இதமாக இருக்கும். அங்கே ஒரு பேக்கரி உண்டு என்று பிரான்சிஸ் சொல்லியிருந்தான். மழை வந்தால் வீட்டிலிருந்து நேராக ஆட்டோவில் அங்கே வந்து இறங்கி, அங்கிருந்து நடந்து திரும்புவதும் அவன் வழக்கம். தினமும் அந்த முனைக்கு வந்ததும், “பன் வாசனை வருதுடா, வயிறு கேக்குது, பேச்ச மாத்து” என்பான்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சரியாக ஆறரைக்குக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

“நடக்கிறியாடா?”

“கிளம்பிட்டேன் மச்சான். இங்க மழை, அதான் ஆட்டோல வந்து பேக்கரிகிட்ட இறங்கினேன். பன் வாசனை தூக்குது.”

நான் அந்த முனையில்தான் நின்றேன். ஆட்டோ இல்லை, ஆள் இல்லை. பேக்கரியும் இல்லை. அது இருந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்று, கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. எதிரே கேட்டருகில் குடை பிடித்து நின்றிருந்த வாட்ச்மேனிடம் போனைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“பேக்கரியா? அது மூடி ஆறு மாசம் ஆச்சே சார். பன் வேணும்னா ஜங்ஷன் போங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு மாதமாக இல்லாத கடையின் வாசனையை ஒருத்தன் எனக்குத் தினமும் விற்றிருக்கிறான். நான் ஐந்தைக் கூட்டித்தான் சொன்னேன், நான்கையாவது நடந்தேனே. இவன் படுக்கையில் கிடந்துகொண்டே கதை விடுகிறான் என்று நினைத்தேன். போனை வைக்கவில்லை. அவன் சொன்ன வழியிலேயே நடந்தேன்.

அவன் அல்சூர் ஏரி வந்துவிட்டது என்றபோது நானும் ஏரிக்கரையில் இருந்தேன், பேக்கரி முனையிலிருந்து ஒன்று புள்ளி ஒன்பது கிலோமீட்டர். கேட்டிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் பலகை உடைந்திருக்கிறது என்றான். உடைந்துதான் இருந்தது. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

“இன்னாடா, மஸ்கட்ல ஆட்டோவா?”

“ஒரு லாரிக்காரன். வித்தியாசமா ஹாரன் வெச்சிருக்கான்” என்றேன்.

“ம்” என்றான்.

மூன்று புள்ளி ஒன்றில் டிரினிட்டி சர்க்கிள். இந்த இடத்தில் சிக்னலை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும். அங்கிருந்து ஆஸ்டின் டவுன் வரைக்கும் நடைபாதை பாதிக்கு மேல் பெயர்ந்து கிடக்கிறது, சேறு வேறு. ஏழே முக்காலுக்கு அவன், “வீட்டுக்கு வந்துட்டேன் மச்சான், ஷூவக் கழட்டறேன்” என்றான். நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தது அவன் மனைவி லூர்து. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“வாங்கண்ணே. இப்பவாச்சும் வந்தீங்களே” என்றாள்.

ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பிரான்சிஸ் உட்கார்ந்திருந்தான். காதில் இன்னும் ஒயர். வலது கால் ஸ்டூல் மேல் இருந்தது. அந்தப் பாதம் பாதியோடு முடிந்திருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் தையல் போட்ட தோல் மழமழவென்று இருந்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகளோடு வாசலிலேயே நின்றேன்.

“எட்டு மாசமாச்சு” என்றாள் லூர்து. “புது ஷூ கடிச்சிருக்கு. சர்க்கரைக்காரருக்கு வலி தெரியல. கொப்புளத்தோட பதினோரு நாள் ரிச்சர்ட்ஸ் டவுன் போயிட்டு வந்தாரு. நாலு கிலோமீட்டர் போதும்னு டாக்டர் எழுதியே குடுத்தாரு. அவன் ஒம்போது நடக்கிறான், எனக்கு இன்னா கேடுன்னு கேட்டாரு. யாரு அவன்னு நான் கேக்கவே இல்லண்ணே.”

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சர்க்கரை இல்லாத காபியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கையில் கொடுக்கவில்லை.

“ஏன்டா சொல்லல?” என்றேன் பிரான்சிஸிடம்.

“சொன்னா இன்னா பண்ணுவ? ரெண்டு நாள் அழுவ. மூணாம் நாள் போர்வைய இழுத்து மூடிக்குவ. உன்ன எனக்குத் தெரியாதா.”

“நான் ஒம்போது நடக்கலடா” என்றேன். பதினெட்டு வருடத்தில் நான் குறைத்துச் சொன்ன முதல் கணக்கு அது. “நாலுதான்.”

அவன் சிரித்தான். “நாலுன்னு தெரியும். உங்க காம்பவுண்டு மூலையில ஒரு ஜெனரேட்டர் ஓடுதே, அதுக்கு ஒரு பேரிங் போயிருக்கு. தினம் எட்டு வாட்டி என் காதுல வரும். முப்பத்தஞ்சு வருசம் மெஷின் சத்தம் கேட்டவன்கிட்டயா கடல் காட்டற? மலை காட்டற?”

“தெரிஞ்சுமா நீ ஒம்போது நடந்த?”

“நீ சொன்ன. நான் நடந்தேன்” என்றான். பிறகு காலைப் பார்த்தான். “பொய்யி உன்னுது, நடை என்னுது. இதுல யாரு ஜெயிச்சான்னு நீயே சொல்லு.”

அடுப்படியில் லூர்து ஒரு பாத்திரத்தைப் போட்ட சத்தம் கேட்டது. “ஜெயிச்சாராம்” என்றாள், யாருக்கும் சொல்லாத மாதிரி.

இந்தப் பகுதியை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். ஷூ கம்பெனியைத் திட்டிப் பார்த்தேன், அவன் வீம்பைத் திட்டிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. என் ஐந்து கிலோமீட்டர் காற்றில் போகவில்லை. அத்தனையையும் ஒருத்தன் காலால் நடந்திருக்கிறான். அதனால் வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, ஒரு துணையோடு நடங்கள், போனிலாவது நடங்கள், அந்த யோசனையை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நடந்த தூரத்தை நடந்தபடியே சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், வலிக்கும் என்று காத்திருக்காதீர்கள். புது ஷூவை முதல் வாரம் அரை மணிக்கு மேல் போடாதீர்கள். பெங்களூரில் இந்த வழியில் நடப்பவர்கள் ஏழரைக்குள் டிரினிட்டியைத் தாண்டிவிடுங்கள், அதற்கப்புறம் புகைதான். ஏரிக் கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் ராகிக் கூழ் கிடைக்கும், இருபது ரூபாய், மோர் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆஸ்டின் டவுனில் அவன் வாசலிலிருந்து கிளம்பினேன். அவன் ஜன்னலோரம், நான் ரோட்டில், இரண்டு பேர் காதிலும் ஒயர். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தோண்டிய ரோட்டைச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சை மாற்றிவிட்டார்கள், அதையும் சொன்னேன். நாலரையில் ரிச்சர்ட்ஸ் டவுன் முனைக்கு வந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாய் மேசை மேல் நின்றுகொண்டிருந்தது.

“பேக்கரியா? பன் வாசனை வருதாடா?” என்றான்.

“வருது மச்சான். இன்னைக்கு லேசா கருக விட்டுட்டாங்க போல” என்றேன். அந்த ஒன்றை மட்டும் என்னால் நடந்தபடியே சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே இன்னும் பத்து கிலோமீட்டருக்குத் தெம்பு இருந்தது, அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

“எவ்ளோ ஆச்சு?” என்றான்.

போனைப் பார்த்தேன். “ஏழு புள்ளி ஒண்ணு.”

அவன் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“அப்போ இன்னும் நான்தான்டா முன்னாடி” என்றான்.

மீதி ஒன்று புள்ளி ஒன்பதை நான் நடக்கவில்லை. கை காட்டியதும் ஒரு ஆட்டோ நின்றது. “ஆஸ்டின் டவுன் பர்த்தீரா, வருவீங்களா?” என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டேன். மீட்டர் போடவில்லை, எண்பது ரூபாய் கேட்டான். பேரம் பேசாமல் ஏறிக்கொண்டேன்.