உடைக்கக் கூடாத தேங்காய்

ரங்கூனின் வாடகைப் புத்தகக் கடைகளில் என் கதைகளை எடுத்துப் படித்தவர்கள் என்னைத் தாடி வைத்த கிழவர் என்றுதான் நினைத்திருந்தார்கள். பர்மிய ஆண் பெயரில் எழுதினேன். எல்லாம் மாயக் கதைகள். சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு காட்டில் திரியும் ரசவாதி, மரத்தில் காய்க்கும் பெண்கள், ஆற்றுக்கு அடியில் அரசாங்கம் நடத்தும் முதலை. இதையெல்லாம் பசுந்தாங் பேட்டையில் மூன்றாவது மாடியில் ஒரு தமிழச்சி சோறு வடித்துக்கொண்டே எழுதுகிறாள் என்று தெரிந்தால் பாதிப் பேர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

மாயக் கதை எழுத வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மனிதர்களைப் பற்றி எழுதினால் தணிக்கையிலிருந்து பக்கம் பக்கமாக மை பூசித் திரும்பி வரும். முதலையைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நான் வீராங்கனை இல்லை, முதலையோடு சௌக்கியமாக இருந்தேன்.

கதைக்கு வழி தெரியாத நாட்களில் சீட்டுக் கட்டை எடுப்பேன். கியாக்டடா பேட்டையில், பன்சோடான் தெரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது அது. விளையாட்டுச் சீட்டு என்று சொல்லித்தான் கடைக்காரர் என் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே வெள்ளைக்காரர்கள் குறி பார்க்கும் டாரட் படங்கள். சில சீட்டுகள் காணோம். அர்த்தம் சொல்லும் புத்தகமும் இல்லை. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை விளிம்பில் காலை வைக்கும் பையன், சிங்கத்தின் வாயைக் கையால் மூடும் பெண், நிலவைப் பார்த்துக் குரைக்கும் இரண்டு நாய்கள். மழைக்கால மதியங்களில் மின்சாரம் போனதும் தரையில் மூன்று சீட்டைப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன். தூக்கமும் கதையும் ஒன்றாகவே வரும். எழுந்து மாடத்தில் நின்றால் அந்தப் படங்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கும். லைங் தாயா போகிற ஆலை பஸ்ஸின் படியில் தொற்றிக்கொண்டு மூட்டைக்காரப் பையன் போவான். மழையில் நனைந்த இரண்டு நாய்கள் அணைந்த தெருவிளக்கை அண்ணாந்து பார்த்துக் குரைக்கும். எது சீட்டு, எது தெரு என்று எனக்கே பிடிபடாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்த பிறகுதான் பூமிக்கு இறங்குவேன்.

எதிர் வீட்டில் ஒரு நத் ஆடுபவர் இருந்தார். நத் என்றால் இந்த மண்ணின் பழைய காவல் தெய்வங்கள். புத்தர் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று பர்மாக்காரர்கள் இன்றும் கும்பிடுகிறவை. அவர் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர், என் வயதுதான். பட்டுக் கட்டிக்கொண்டு, மேளக்காரர்கள் முழக்க, தலையில் சிவப்புத் துணியோடு அவர் ஆட ஆரம்பித்தால், சிங்கத்தின் வாயை மூடும் அந்தப் பெண்ணை நேரில் பார்ப்பதாகவே இருக்கும். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சயாமா, என்னை எந்த முதலைக்குக் கட்டிக் கொடுத்தே?" என்று கேட்பார். எழுத்தாளரை அங்கே அப்படித்தான், வாத்தியாரம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மரியாதை கூப்பிடுவதோடு சரி.

எங்களுக்குக் கீழ் வீட்டில் கட்டிடத்தின் சொந்தக்காரி இருந்தார். ஐம்பது வயதுப் பர்மிய விதவை. அடோ, அதாவது அத்தை என்று அவரை நான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தமீ என்பார், மகளே என்று. அவருக்கு ஒரே பையன். எண்பத்தெட்டில், பத்தொன்பது வயதில், ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த மாணவர் ஊர்வலத்துக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. எல்லைப் பக்கம் காட்டுக்குப் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆறேழு வருஷமாக எந்தத் தகவலும் இல்லை. அவனுக்கு அன்றாடம் ஒரு தட்டு எடுத்து வைத்து மூடிவிட்டுத்தான் அடோ சாப்பிடுவார்.

ஒரு நாள் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தோடு மேலே வந்தவர், தரையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்து, ஒன்றை எடுத்தார். ஒரு காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கும் ஆள். எனக்குக் குறி சொல்லத் தெரியாது, இது கதைக்கு வைத்திருக்கும் பொம்மைச் சீட்டு என்று நான் பதறினேன். அவர் காதில் விழவே இல்லை.

"இவன் உயிரோட இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்ற எரிச்சல். பிறகு படத்தைப் பார்த்தேன். முகத்தில் வலி இல்லை. கண் திறந்திருந்தது, எதையோ யோசித்துக்கொண்டிருக்கும் முகம். கண்ணில் பட்டதை அப்படியே சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மழைக்காலத்தில் அடோ ஒரு நேர்ச்சை வைத்தார். பர்மிய வீடுகளில் தூணிலோ சுவரிலோ சிவப்புத் துணி சுற்றிய ஒரு முழுத் தேங்காய் தொங்கும். வீட்டைக் காக்கும் நத்துக்கு உரியது. அவர் தீயில் வெந்து செத்த கொல்லர். உள்ளே இருக்கும் தண்ணீர் அவருக்குக் குளிர்ச்சி என்பார்கள். காம்பு விழக் கூடாது, தண்ணீர் வற்றக் கூடாது. உடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிர் வீட்டு ஆட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு அடோ புதுத் தேங்காய் ஒன்றைத் தன் பையன் பேரைச் சொல்லிக் கட்டினார். மழை முடிந்து விளக்குத் திருநாள் வரும்வரை தண்ணீர் வற்றாமல் இருந்தால் பையன் உயிரோடு இருக்கிறான், செய்தி வரும். இதுதான் நேர்ச்சை. தினமும் காலையில் அதைக் கையில் எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்.

திருநாள் நெருங்க நெருங்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. சத்தம் குறைகிறது என்று மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னார். முன்பெல்லாம் களக் களக் என்று கேட்கும், இப்போது காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது என்றார். ஒரு தேங்காயிடம் போய் இப்படி உயிரைக் கொடுத்து வைப்பார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் தினமும் மூன்று சீட்டைப் போட்டு அதற்குப் பின்னால் போகிறவள். எந்த வாயால் சொல்ல?

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அது நடந்தது. திருநாளுக்கு முன்னால் சிவப்புத் துணியை மாற்ற வேண்டும் என்று அடோ தேங்காயை இறக்கி, பழைய துணியை அவிழ்த்து, வாசலுக்கு வெளியே படிக்கட்டுத் திட்டில் வைத்துவிட்டுப் புதுத் துணி எடுக்க உள்ளே போயிருக்கிறார். அதே நேரம் என் கணவர் வேலை விட்டு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டும் என்று கடைத்தெருக் காய்காரியிடம் காலையில் சொல்லிவிட்டுப் போனவர் அவர். அந்த அம்மாள் எப்போதும் அந்தத் திட்டில்தான் வைத்துவிட்டுப் போவாள். இவர் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"பாரு, நார்கூட உரிக்காம வச்சிட்டுப் போயிருக்கா. சோம்பேறி" என்று காய்காரியைத் திட்டிக்கொண்டே அரிவாளைத் தேடினார். நான் முதலையின் ஆற்றுக்கடி ராஜ்ஜியத்தை எழுதிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. அவர் வியர்க்க விறுவிறுக்க உரித்து, சாமி மாடத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, ஓங்கி ஒரே போடு போட்டார். அந்தச் சத்தத்தோடு கீழே அடோவின் குரல் கேட்டது. தேங்காய் எங்கே, தேங்காய் எங்கே என்று.

அடோ படியேறி வந்து வாசலில் நின்றுவிட்டார். தரையில் நாரும், மணையில் இரண்டு மூடியும். அவர் அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டால் தீருமா? உடைந்தது தேங்காய் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் கணவருக்கு ஒன்றும் தெரியாது. நேர்ச்சை விஷயத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு மூடியைக் கையில் ஏந்திக்கொண்டு முகமெல்லாம் பல்லாக எங்களிடம் வந்தார்.

"பூ வந்திருக்கு!" என்றார் தமிழில். பிறகு அடோவுக்காகப் பர்மியத்தில், "அடோ, பாருங்க. தண்ணி வத்தல. அத்தனையும் பூவாயிடுச்சு" என்றார்.

மூடிக்குள் வெண்மஞ்சளாக, பஞ்சு உருண்டையாக முளை உட்கார்ந்திருந்தது. தேங்காய் உடைக்கும்போது உள்ளே பூ இருந்தால் நமக்கு அதைவிட நல்ல சகுனம் கிடையாது, நினைத்த காரியம் கைகூடும் என்பார்கள். அடோவுக்கு அதைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் அப்படி நம்புகிறார்கள் என்றுதான் சொன்னேன், அப்படித்தான் என்று சொல்லவில்லை. அவர் அந்த மூடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒரு விரலால் முளையைத் தொட்டார்.

"நான் தினமும் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தேன், தமீ. சத்தம் குறையுது, அவன் போயிட்டான்னு பயந்தேன். உள்ள வளர்ந்துகிட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியல."

அப்போதுதான் அழுதார். ஆறேழு வருஷத்து அழுகை. என் கணவர் மிரண்டுபோய் மூலையில் நின்றார். பிறகு விஷயம் தெரிந்ததும் அவர் சாப்பிடவே இல்லை. மறுநாள் எதிர் வீட்டு ஆட்டக்காரரிடம் மூன்று பேரும் போய் நின்றோம். அவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வெந்து செத்தவர் அந்த நத், ஒரு தேங்காய் உடைந்ததற்கெல்லாம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார், வேறொன்று கட்டுங்கள், இந்தத் தடவை நேர்ச்சை எதுவும் வேண்டாம் என்றார். விளக்குத் திருநாள் வந்தது. தெருவெல்லாம் மெழுகுவத்தி எரிந்தது. பையனிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை.

திருநாள் முடிந்து ஒரு மதியம் அடோ மேலே வந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பையனை நினைத்தால் பத்தொன்பது வயது முகம்தான் வருகிறது என்றார். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிய அதே முகம். இப்போது இருபத்தைந்து தாண்டியிருக்கும், தாடை அகன்றிருக்கும், குரல் கனத்திருக்கும். அது எதுவும் தன் மனசுக்கு வர மாட்டேன் என்கிறது என்றார்.

"நீ இல்லாததையெல்லாம் எழுதுறவ. அவனுக்கு வயசை ஏத்தி எழுது. வீட்டுக்கு வர்ற மாதிரி மட்டும் எழுதாதே. அது நெசத்துல நடக்கட்டும்."

நான் எழுதினேன். மாதப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்த முதலை ராஜ்ஜியத்தில் யாருக்கும் மூப்பு கிடையாது, அதுதான் அந்தக் கதையின் சட்டமே. அங்கே ஒரு படகுக்காரனைக் கொண்டுவந்து விட்டேன், அவனுக்கு மட்டும் வருஷா வருஷம் வயது ஏறியது. ஏன் இவன் மட்டும் கிழவனாகிறான் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்தவள் மாதிரி நான் முகத்தை வைத்துக்கொண்டு, போகப் போகத் தெரியும் என்றேன்.

அடோ ஒவ்வொரு இதழையும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார். அவனுக்கு மீன் முள் எடுக்கத் தெரியாது, ஏன் அவ்வளவு பெரிய மீனைத் தின்ன வைத்தாய் என்பார். கதை என்னுடையது, பிடிக்காவிட்டால் படிக்காதீர்கள் என்று நானும் எரிந்து விழுவேன். அடுத்த இதழில் முள்ளில்லாத மீனாக மாற்றிவிடுவேன். கொஞ்சம் தொப்பை வைத்தேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மலைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டி வைத்தேன். அவள் நன்றாகச் சமைப்பாளா என்று கேட்டார். அந்த மூடி போட்ட தட்டை அவர் எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கீழே போனபோது அது இல்லை, நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் பெரும் புயல் வந்து ஊரைப் புரட்டிப் போட்டதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள் அடோ மேலே வந்தார். அவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது, மாடி ஏற மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிப் பை. உள்ளே கட்டம் போட்ட நீலத் துணி, கடைத்தெருவில் வாங்கியது. சென்ற இதழில் படகுக்காரனின் மகன் முதல் தடவையாகத் துடுப்பைப் பிடித்திருந்தான்.

"அந்தப் பிள்ளைக்கு இப்போ என்ன உயரம் இருக்கும்? தையல்காரன் கேட்கிறான்" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதைதான்னு எனக்குத் தெரியும், தமீ. தைச்சு மடத்துல இருக்கிற ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துடுவேன். நீ அளவைச் சொல்லு."

எழுந்து நின்றேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, வெறும் காற்றில், உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக் காட்டினேன். அடோ துணியை உதறிப் பிரித்து என் கைக்குக் கீழே தரைவரை தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு, வளர்கிற பிள்ளை, ரெண்டு விரல் கூட வைத்து வெட்டச் சொல்கிறேன் என்றார்.