ரெண்டு சமக்குறி

கிரிதரனைப் பத்திக் கேட்டா எனக்கு முதல்ல ஜாவாங்குற கம்ப்யூட்டர் மொழி மேலதான் எரிச்சல் வரும். நான் பத்மாசினி. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல எங்க சௌராஷ்ட்ர ஜனங்க நடத்துன கல்யாணத் தகவல் மையத்துல டைப் அடிச்சுக்கிட்டிருந்தவ.

கிரி பகல்ல கோரிப்பாளையத்துக் கடைகளுக்குப் புரோகிராம் எழுதிக் குடுப்பான். சாயங்காலம் டிவிஎஸ் ஃபிஃப்டியில எங்க மையத்துக்கு வருவான். வரன் பொருத்தம் பாக்குற புரோகிராமை ஃபாக்ஸ்ப்ரோங்குற பழைய கம்ப்யூட்டர் மொழியில எழுதுனது அவன்தான். எழுதி முடிச்சதும் என்னைப் பக்கத்துல உக்கார வச்சு வரிக்கு வரி சத்தமா வாசிப்பான். "கோத்திரமும் கோத்திரமும் ஒண்ணா இருந்தா, விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போ. புரியுதாக்கா?" எனக்குப் புரியாத வரியை அழிச்சுட்டு வேற மாதிரி எழுதுவான். ஒருக்க பொண்ணு மாப்பிள்ளை வயசைத் தலைகீழாப் போட்டிருந்ததை, அவன் வாசிக்கையில நான்தான் கண்டுபிடிச்சேன். "பக்கத்துல இருக்கவுகளுக்கு வாசிச்சாப் புரியணும்க்கா. அந்த மாதிரி மொழி போதும் எனக்கு"ம்பான்.

இப்படிப் பழைய மொழியில ஓட்டுறது மையத்துச் செயலாளர் ஜனகராஜ் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சலாப் போச்சு. ரெண்டாயிரத்து ரெண்டுல அவரோட அக்கா மகன் சாய்பிரசாத் மெட்ராஸ்ல ஜாவா கோர்ஸ் முடிச்சுட்டு வந்து நின்னான். "அமெரிக்காவே ஜாவாவுலதான் ஓடுது, நீங்க இன்னும் பழைய ஃபாக்ஸ்ப்ரோ கறுப்புத் திரையைக் கட்டிக்கிட்டு அழுறீங்களே"ன்னான். அவனே புதுசா ஒண்ணு எழுதுனான். வரன் தேட அம்புட்டு ஃபைல்! அது தெறக்குறதுக்குள்ள நான் காபி குடிச்சு டம்ளரையும் கழுவி வச்சுட்டு வந்துருவேன். "மாப்ள, இதை அக்காவுக்கு ஒருக்க வாசிச்சுக் காட்டுடா"ன்னு கிரி சொன்னான். "டைப் அடிக்கிறவங்களுக்கு எதுக்குடா வாசிச்சுக் காட்டணும்?"னு சிரிச்சான் அவன். அந்தச் சிரிப்பை நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

அந்த மாசியில கிரியோட தங்கச்சி இந்துப்ரியாவைப் பாக்கத் திண்டுக்கல்லுல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. நல்ல இடம். பையனுக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அவளுக்கும்தான். பேசி முடிக்கிறதுதான் பாக்கி. ரெண்டு குடும்பமும் மையத்துலயே உக்காந்திருந்தாக. ஜனகராஜ் அண்ணன் சும்மா இருக்கக்கூடாதா? "புது சாஃப்ட்வேரைப் பாருங்க. ஒரே கோத்திரம்னா செத்தாலும் சேக்காது"ன்னு பெருமை அடிச்சு, இந்துப்ரியா பேரையே தட்டச் சொன்னார்.

கிரியும் கல்யாணம் ஆகாதவன், அவன் பேரும் உள்ள இருந்துச்சு. அதுதான் முதல் பொருத்தமா வந்து நின்னுச்சு. கூடப் பொறந்த அண்ணன்! சீச்சீ, அந்தத் திரையைப் பாக்கவே கூசுச்சு.

எல்லாரும் சிரிச்சிருந்தாத் தப்பிச்சிருப்போம். பையனோட அம்மா சிரிக்கல. "ஒரே கோத்திரத்தைச் சேக்காதுன்னீகளே. அப்ப இது வேற கோத்திரமா, கூடப் பொறந்தது இல்லையா?"ன்னு கேட்டுட்டு, கிரியோட அம்மாவை மேலயும் கீழயும் பாத்துச்சு. என்ன வாய் அது!

கிரி அந்தப் புரோகிராம் ஃபைலைத் தெறந்தான். பாத்ததும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. "இந்த ரெண்டு சமக்குறிதான்மா தப்பு. ஜாவாவுல இது எழுத்து ஒண்ணான்னு பாக்காது, ரெண்டும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரே இடத்துல இருக்கான்னுதான் பாக்கும். கோத்திரம் ஒண்ணா இருந்தாலும் வேறன்னுதான் சொல்லும்."

பையனோட அம்மா பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். திரையை எட்டிப் பாத்துச்சு. "சமம்னுதானப்பா போட்டிருக்கு? தங்கச்சிக்காக எதையாவது சொல்லாத." எந்திரிச்சுப் போயிட்டாக.

மறுநாள் சாய்பிரசாத் அந்த ஒரு வரியை மாத்துனான், சரியாப் போச்சு. "ஜாவாவுல புதுசா எழுதுற எல்லாரும் பண்ற தப்புதான்க்கா"ன்னு வாய் கூசாமச் சொல்றான். எல்லாரும் விழுகுற குழின்னு தெரியுதுல்ல, ஜாவாவைச் செஞ்சவுக அதை எதுக்கு நடுவீட்டுல வெட்டி வச்சாக? திண்டுக்கல்லுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கண்ணேன்னு ஜனகராஜ் அண்ணன்கிட்டக் கெஞ்சுனேன். மையத்துக்குக் கேவலமாம், மாட்டேன்னுட்டார். த்தூ, இவுகளுக்கு ஒரு கௌரவம்!

கிரியே போன் போட்டான். அவன் பேரைச் சொன்னதும் வச்சுட்டாக. நான் அப்ப அவுக வீட்டுலதான் இருந்தேன். இந்துப்ரியா சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னு அம்மாவைப் பாத்துக் கேட்டா.

"நெசத்தைச் சொல்லும்மா. நான் இந்த வீட்டுல பொறந்தவதானே?"