விசில் யார்கிட்ட?

இருபது வருஷமாகப் பேருந்தில் கண்டக்டர். அவர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். படியில் தொங்குகிறவனைப் பார்வையாலேயே உள்ளே ஏற்றிவிடுவார். ஆறு வயது மகளிடம் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை.

அவள் காலில் வெந்நீர் கொட்டிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். முதல் நாள், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்டா கண்ணு" என்று அளந்துவிட்டார். ஒட்டியிருந்த துணியை எடுத்தபோது பிள்ளை போட்ட கூச்சலில் வராந்தாவே எழுந்து நின்றது. அன்றிலிருந்து அப்பாவோடு டூ. அவர் எது கேட்டாலும் அம்மா பக்கம் திரும்பித்தான் பதில்.

மூன்றாம் முறை காலைத் தொடவே விடவில்லை.

"இன்னிக்கு எடுக்கலன்னா புண்ணு கெட்டுப்போகும் சார்," என்றார் நர்ஸ். "ரெண்டு பேர் அமுக்கிப் புடிச்சாத்தான் ஆகும்."

"புடிக்க வேணாம் சிஸ்டர்."

கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து, குழாயில் கழுவி, மகளிடம் நீட்டினார். "வலிக்கும்டா. நல்லாவே வலிக்கும். தாங்க முடியலன்னா ஒண்ணு ஊது, சிஸ்டர் நிறுத்திடுவாங்க. நீ ரெண்டு ஊதினாத்தான் மறுபடி."

உப்புநீரில் ஊறிய துணியின் ஓரத்தை நர்ஸ் மெல்லத் தூக்கினார். பீ! கை நின்றது. அவள் நம்பாமல் எட்டிப் பார்த்தாள், நிஜமாகவே நின்றிருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இரண்டு ஊதினாள். இப்படியே நின்று நின்று பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

அடுத்த நிறுத்தத்தில்தான் வினை. வண்டி நின்றால் கண்டக்டர் வாய் சும்மா இருக்குமா?

"போலாம், ரைட்!"

அந்தச் சத்தத்துக்கு நர்ஸின் கை தன்னையறியாமல் இழுத்துவிட்டது. பிள்ளை வீறிட்டாள். விசில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

"பாத்தியாம்மா! மறுபடியும் பொய்!"

அம்மா முறைத்த முறைப்பில் கண்டக்டர் பாதியாகிப்போனார். தவழ்ந்து போய் விசிலை எடுத்து, மறுபடி கழுவி அவள் கையில் வைத்தார்.

"என் தப்புதாண்டா. வாய்ப் பழக்கம். இப்ப விசில் யார்கிட்ட?"

"என்கிட்ட."

"அப்ப நான் யாரு?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "டிக்கெட் வாங்கின ஆளு. வாய மூடிட்டு உக்காரு."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸ் துணியை விட்டுவிட்டுக் காத்திருந்தார். அவள் அப்பாவின் பொத்திய வாயை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு, பீ... பீ.

இன்னும் நான்கு தடவை நின்றார்கள். புதுக் கட்டுப் போட்டு முடிந்ததும், அவள் அம்மா பக்கம் திரும்பாமல் நேராக அவரிடமே கேட்டாள்.

"நாளன்னிக்கும் வலிக்குமாப்பா?"

"வலிக்கும்டா."

"அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்னண்ணே, காலையிலேர்ந்து தொண்டையாலயே ஓட்டுறீங்க? விசில் எங்க?"

"அது வேற டியூட்டில இருக்குப்பா," என்றார் கண்டக்டர். "போலாம், ரைட்!"