கற்பகத்தின் இறந்தகாலம்

கற்பகம் இடக்கையில் காப்பி டம்ளரைப் பிடித்தபடி, வலது உள்ளங்கையைச் சன்னல் கண்ணாடியில் வைத்திருக்கிறாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவளைப் போல முகம் சற்றே சாய்ந்திருக்கிறது. "வெடிச்சிருச்சு டீச்சர்" என்கிறாள். நான் செவியைக் கூர்மையாக்குகிறேன். அச்சகத்துக்குக் காகிதக் கட்டு ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் ஒரு மிடறு குடிக்கிறாள். அதன் பிறகுதான் கண்ணாடி நடுங்குகிறது. தொலைவில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தியதுபோல் ஓசை வந்து சேர்கிறது. "கெளக்க. ஆனைக்குட்டத்துப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவப் போகிறாள்.

இலக்கணத்தில் காலவழுவமைதி என்று ஒன்றுண்டு. குளித்துக்கொண்டிருப்பவள், வாசலில் நின்று அழைப்பவரிடம் "இதோ வந்துவிட்டேன்" என்கிறாள். விரைவு கருதி, வரப்போவதை வந்ததாகச் சொல்வது குற்றமாகாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சிவகாசியில் என் வீட்டு மாடியில் தாயுடன் குடியிருக்கும் கற்பகம் அந்த விதிக்குள் அடங்குவாளா என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இருபத்தெட்டு வயது, மெலிந்த உடல், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய கூந்தல். நாற்காலியை ஒருபோதும் இழுக்கமாட்டாள், தூக்கித்தான் வைப்பாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிடுவாள். அமெரிக்காவில் அவள் படித்த வேதியியல் ஆய்வுக்கூடத்திலும் அப்படிச் செய்து ஏச்சு வாங்கினாளாம். "உரசுனா பட்டாசு மருந்து பத்திக்கும், உரசக் கூடாதுன்னு அம்மா சொல்லி வளத்தது. காலு கேக்க மாட்டேங்கு டீச்சர்" என்று சிரிக்கிறாள். கல்குவாரியில் நாள்தோறும் வெடி வைக்கிறார்கள். பட்டாசுக் கம்பெனிகளில் சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் அவள் கை எழுவதில்லை. ஆளுக்குச் சேதம் இல்லாத சத்தத்துக்கு அது எழுந்து நான் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, நான்கரை மணிக்கு, அமெரிக்காவிலிருந்து என்னை அழைத்தாள். அங்கே காலை ஏழு. "டீச்சர், அம்மா எங்க? வந்துட்டாளா?" என்றாள். அவளுடைய தாய் வெள்ளைத்தாய், எம். புதுப்பட்டி என்னும் ஊரில் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். "இன்னும் வரவில்லை அம்மா, ஆறு மணி ஆகும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் சன்னல் அதிர்ந்தது.

வெள்ளைத்தாய் பிழைத்துக்கொண்டாள். இரண்டு செவிகளும் போயின. கற்பகம் அந்த ஆண்டே தன் ஆராய்ச்சியை மாற்றிக்கொண்டாள். நெகிழிகளைப் பற்றிய முனைவர் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு, வெடிப்பின் அதிர்வு நிலத்திலும் காற்றிலும் எவ்வாறு பரவுகிறது என்று ஆராயும் வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றாள். பழைய விசாவின் காலமும் முடிந்திருந்தது. புதிய விசா ஆகஸ்டு இருபதுக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். மே மாதம் ஊருக்கு வந்தாள்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வெடிபொருள் முதலியவற்றில் உமக்குச் சிறப்புத் திறனோ பயிற்சியோ உண்டா? முதன்முறை அவள் போனபோது, நெட் சென்டர் மணிகண்டராஜ் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று ஒரே மூச்சில் அழுத்தித் தள்ளியிருந்தான். இம்முறை கற்பகம் அவன் கையைத் தடுத்தாள். நானும் உடன் இருந்தேன்.

"ஆமான்னு போடுண்ணே."

"ஏத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு? சிவகாசிக்காரன் அம்புட்டுப் பேரும் ஆமான்னு போட்டா, ஊரே இங்கனதான் கெடக்கணும்."

"எட்டு வயசுலேருந்து சரம் பின்னிருக்கேன். மருந்து தடவுன கருந்திரி காயிற வாசத்த வச்சே பதம் சொல்லுவேன். இப்பப் படிக்கப் போறதே வெடியப் பத்தி. இல்லைன்னு எப்படிண்ணே போட?"

"போன வாட்டி இல்லைன்னியே, அது என்னன்னு கேட்டாம்னா?"

"நீங்க போட்டீகன்னு சொல்லுதேன்."

"அம்மா தாயே, என்னைய ஏன் இழுக்க!" என்று அவன் நாற்காலியோடு பின்வாங்கினான். தரையில் அது உரசிய ஓசைக்குக் கற்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளே 'ஆம்' என்னும் கட்டத்தை அழுத்தினாள்.

சென்னையில் நேர்காணல் செய்த அதிகாரி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் சீட்டைத் தந்தனுப்பினார். எந்தப் பயிற்சி, யாரிடம், எந்த ஆண்டுகளில், முன்பு ஏன் மறைத்தீர் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கற்பகம் முதலில் தமிழில் எழுதி, என்னிடம் காட்டினாள். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். கடைசி வரி இவ்வாறு இருந்தது: 'ஓசைக்கு முன் கண்ணாடி அறிகிறது, கண்ணாடிக்கு முன் என் கை அறிகிறது.' அதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் நான் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இத அனுப்புனா விசா தர மாட்டாக டீச்சர், வைத்தியந்தேன் பாப்பாக" என்று அவளே அதை அடித்துவிட்டாள்.

ஜூலை முழுவதும் விசாவைப் பற்றி அவள் எந்தக் காலத்தில் பேசுகிறாள் என்று கவனித்துவந்தேன். "வரும் டீச்சர்" என்பாள். சில நாள் "வருமான்னு தெரியல" என்பாள். ஆகஸ்டு பதினொன்றாம் நாள் காலை, கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, "வந்துருச்சு" என்றாள். நான் பதறிப்போய் அவள் கையைப் பார்த்தேன். அதில் ஈரத்துணிதான் இருந்தது. கூரியர்காரன் அதன் பிறகுதான் தெருமுனையில் திரும்பினான். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது.

வெள்ளைத்தாய் மகிழ்ந்தாள். ஆனால் அன்று சோறு உண்ணவில்லை. கற்பகத்தின் கை கண்ணாடிக்குப் போனதும் அவள் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, மகளின் உதடுகளைப் பார்ப்பாள். எந்தத் திசை என்று அறிந்துகொண்டு, அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் தன் கூட்டாளிப் பெண்களின் வீடுகளுக்கு ஓடுவாள். ஓசை கேளாத அவளுக்கு அது ஒன்றுதான் செய்தி; மகள் போய்விட்டால் அதுவும் இல்லை. ஆகவே கற்பகம் தாயின் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பழக்கத் தொடங்கினாள்.

"நல்லாப் பதிச்சு வையிம்மா."

"எனக்கு ஒரு எளவும் தெரியலத்தா. குளுந்து கெடக்கு, அம்புட்டுத்தேன்" என்று வெள்ளைத்தாய், செவி இழந்தவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொல்வாள். ஆறு நாளும் அதே விடைதான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பிற்பகல் நான் மாடிக்குப் போனபோது, கற்பகம் தரையில் மண்டியிட்டுப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சன்னலுக்குப் போய், உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள்.

"வெடிச்சிருச்சு" என்றாள்.

தெருவில் எந்த ஓசையும் இல்லை. கற்பகம், இம்முறை எழாமல் துணிகளுக்குள் கிடந்த தன் வலக்கையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழியில் இருந்த நாற்காலியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு வந்து, தாயின் கைக்குப் பக்கத்தில் அந்தக் கையைக் கண்ணாடியில் வைத்தாள்.