எத்தனாவது கேள்வி?

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். டாக்டர் சீட்டுக்கான நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராக வேண்டும் என்று காரிமங்கலத்தில் ஒரு டியூஷன் வாத்தியார் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

ஒருநாள் அவளுடைய கைடைப் பிரித்துக் கேட்டேன்.

“ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் எதனால வருது?”

“எத்தனாவது கேள்விம்மா? நம்பர் சொன்னாத்தான் விடை சி-யா, டி-யான்னு தெரியும். சார் அப்படித்தான் மனப்பாடம் பண்ணச் சொன்னாரு.”

கைடோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

“இன்னும் மூணு வருஷம் இருக்குதுங்களே, அர்த்தமெல்லாம் அப்புறம் புரியுமுங்க” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

“அந்த மூணு வருஷம் உங்களுக்குக் கிடையாதுங்க” என்று சொல்லி மகளைக் கூட்டிவந்துவிட்டேன்.

இப்போது சமைக்கும்போது நானே அவளுடைய பள்ளிக்கூடப் பாடத்தில் கேள்வி கேட்கிறேன். பல நாள் “தெரியலைம்மா” என்கிறாள். அந்த ஆள் சொல்லிக்கொடுத்த ‘சி’க்கு இது எவ்வளவோ தேவலை.