நான்கு கோப்புகள் கரைந்த மாலை

என் தம்பி ஒரு செல்போன் கடையில் பதினொரு வருடமாக சிம் கார்டு விற்கிறான். தூக்கத்தில் நடப்பவன் மாதிரி எதையும் மெதுவாகச் செய்வான். ஆனால் ஒன்றும் தவறாது. அடையாள அட்டை இல்லாதவருக்கு நம்பர் கிடையாது என்பது சட்டம். அட்டையை வாங்கி ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் தாழ்த்துவான். அடியில் ஒரு வெளிச்சம் நீந்திப் போகும். திருப்பிக் கொடுக்கும்போது அட்டையைக் கவிழ்த்துத்தான் கொடுப்பான். பின்னால் நிற்பவர் கண்ணில் படக்கூடாதாம். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நகல் ஒன்று கம்பெனிக்குப் போகும். முதலாளி தன் தைரியத்துக்கு இன்னொன்று எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் துணிக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற கை, அந்தக் குவியலைப் பார்த்துச் சும்மா இருக்குமா? நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பெயர் வரிசையில் நான்கு கோப்புகளாக அடுக்கி, முன்னால் அட்டவணையும் எழுதி வைத்தேன்.

"உங்க அக்கா கை பட்டா எள்ளு கூட வரிசையில நிக்கும்" என்றார் முதலாளி. தம்பி மட்டும் அந்தக் கோப்புகளைத் தள்ளி நின்றே பார்த்தான்.

பிறகு ஒரு தையல்காரப் பெண் நம்பர் வாங்க வந்தாள். கையெழுத்தின் நடுவே பேனாவை நிறுத்தி, இந்த விலாசம் யார் கைக்கும் போகாதுதானே என்று கேட்டாளாம். போகாது என்றிருக்கிறான் தம்பி.

ஒரு மாதம் கழித்து ஒருவர் வந்தார். அவளுக்கு அண்ணனாம், விலாசம் வேண்டுமாம். முதலாளி இளகிவிட்டார். கூடப் பிறந்தவர்தானே, எடுத்துக் கொடு என்றார். என் அட்டவணைக்கு அது அரை நிமிட வேலை. தம்பி சரியான பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் புரட்டி, தேட நேரமாகும் என்றான். நாளைக் காலை வருகிறேன் என்று வந்தவர் போனார்.

அன்று மாலை நான்கு கோப்புகளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

"நிஜமாவே அண்ணனா இருந்தா?" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. தங்கச்சி வீடு எங்கன்னு கடையில வந்து கேக்கற அண்ணனுக்கு, அதை அந்தப் பொண்ணுதானே சொல்லணும்?"

அட்டவணை போடுகிறேன் என்று வேலியில் போன ஓணானை நான்தான் எடுத்து மடியில் விட்டிருக்கிறேன். மொட்டைமாடிக்குத் துணி துவைக்கும் பெரிய தொட்டியைத் தூக்கிப் போனோம். நான் தண்ணீர் ஊற்றினேன், அவன் தாள்களை ஒவ்வொன்றாக விட்டான். சாய்ந்த வெயிலில் முகங்கள் மிதந்தன. தூங்குகிறவர்கள் போல ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஊறியதும் பிசைந்தோம். கன்னம் எது, தெரு எது என்று தெரியாமல் எல்லாம் சாம்பல் நிறக் கூழாகி விரலிடுக்கில் வழிந்தது. கடைசியாக என் அட்டவணையைக் கேட்டான். கொடுத்தேன்.

காலையில் முதலாளியிடம், நான்தான் கரைத்தேன் என்று நேராகச் சொல்லிவிட்டான். வந்த ஆள் வெறுங்கையோடு போனார். முதலாளி ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், பெட்டி இருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார்.

தையல்காரப் பெண் ரீசார்ஜுக்கு வந்தால் அதில்தான் உட்காருகிறாளாம். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. எத்தனையாவது கோப்பில், எத்தனையாவது தாளில் அவள் இருந்தாள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இங்கே அதை எழுதவில்லை.