பத்தொன்பது அங்குல மானிட்டருக்கு ஒரு முழு டிக்கெட்

2005 கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரியலூர் புறப்பட்ட பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் போர்வை சுற்றிய மானிட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்து இருக்கையில் ஜெயசித்ரா, ஒரு கையால் அதை அணைத்தபடி. மடியில் இன்னொரு அட்டைப்பெட்டி.

"அதத் தூக்கிக் கீழ வைம்மா. ஆளு உக்காரணும்" என்றார் கண்டக்டர்.

"கீழ வெச்சா குலுங்கும்ங்க. அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுங்க."

"லக்கேஜ் போடறேன்."

"லக்கேஜ் போட்டா லால்குடில ஆளு ஏறுனதும் எடுக்கச் சொல்லுவீங்க. ஃபுல் டிக்கெட்டே குடுங்க."

கண்டக்டர் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது, ஆட்டுக்கல்லு கனம் இருக்கும்போல?"

"பொண்ண அழைச்சிட்டுப் போற மாதிரியில்ல போவுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்கியதும் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

ஜெயசித்ராவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிறந்தது விக்கிரமங்கலம். கல்லூரி முடித்துக் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் படித்தவர். அரியலூரில் செந்துறை ரோட்டில் ஒரே அறையில் கடை வைத்திருந்தார். டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, கொஞ்சம் பிரவுசிங். கணவர் செந்தில்குமார் சிங்கப்பூரில் வெல்டர்.

அந்த ஆண்டு ஆடியில் பஸ் ஸ்டாண்டு அருகே கேம்ஸ் சென்டர் ஒன்று திறந்தது. பிரவுசிங்குக்கு வந்த பையன்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே போய்விட்டார்கள். கடையில் ஆள் குறைந்த செய்தி போனில் சிங்கப்பூர் போயிற்று.

"பொங்கலுக்கு வரேன் சித்ரா. அதுக்குள்ள கடைய முடிச்சிடு" என்றார் செந்தில்குமார். "வருமானத்துக்காக மட்டும் சொல்லல. பயலுவ வந்து போற எடத்துல, நாலு செவுத்துக்குள்ள நீ தனியா உக்காந்திருக்கறது எனக்குச் சரியாப் படல."

ஜெயசித்ரா வாக்குவாதம் செய்யவில்லை. அந்த ஒற்றை அறைதான் அவர் தானாகத் தொடங்கி நடத்திய ஒரே காரியம். அதை விட அவருக்கு மனமில்லை. ஒரு கேம்ஸ் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுப் பொங்கலுக்குள் கடையை நிமிர்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். சீட்டு எடுத்த பணம் பதினெட்டாயிரம் இருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு மேல் வாங்க முடியாது.

வாங்குவதற்கு முன் போட்டிக் கடையை ஒரு முறை பார்த்துவிடுவது என்று, பிரிண்ட் எடுக்கும் சாக்கில் உள்ளே போனார். மூன்று பிளைவுட் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பையன். உள்ளே ஆடும் ஒருவனோடு வந்த நாலைந்து பேர் தடுப்புக்கு மேலே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வந்து, "ஆடாதவன்லாம் வெளிய போங்கடா" என்று விரட்டினார். விரட்டப்பட்டவர்கள் வாசலிலேயே நின்று, "அவுட்டாயிட்டானா? அவுட்டாயிட்டானா?" என்று உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ரா உள்ளே ஆடியவர்களைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றவர்களைத்தான் எண்ணிப் பார்த்தார்.

திருச்சியில் உதிரிபாகம் விற்று அசெம்பிள் செய்து தருபவர் தங்கசாமி. ஜெயசித்ராவின் முதல் கம்ப்யூட்டரும் அவர் கைப்பட்டதுதான். பட்ஜெட்டைக் கேட்டதும் ஒரு அட்டையின் பின்புறத்தில் விறுவிறுவென்று எழுதினார்.

"கேம்னா கார்டுதான் உசுரு தங்கச்சி. பாதிப் பணத்த கிராபிக்ஸ் கார்டுல போடு. மானிட்டர் பதினஞ்சு இஞ்ச் போதும்."

"பதினஞ்சு இஞ்ச்ல எத்தன பேரு பாக்கலாம்ண்ணே?"

"ஆடறது ஒருத்தன். அவன் பாத்தாப் போதாதா?"

"எங்க ஊர்ல ஒருத்தன் வர மாட்டான். ஒரு டிவிஎஸ் ஃபிப்டில மூணு பேரு வருவான். ஒருத்தன் ஆடுனா மத்த ரெண்டு பேரும் அவனத் திட்டணும். அதுக்குத்தான் வரானுங்க."

தங்கசாமி பேனாவை மூடினார். "சரி, என்ன வேணும் உனக்கு?"

"பெரிய மானிட்டர். ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஆடற மாதிரி ரெண்டு கேம்பேடு. கார்டு பழசு போதும். கிரிக்கெட் ஓடணும், அவ்வளவுதான்."

"புது கேம் எதுவும் ஓடாது. கேட்டு வரவன் திரும்பிப் போவான். அப்பறம் என்னயத் திட்டக் கூடாது."

"போவட்டும்."

அவர் உள்ளே போய், கட்டட வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்று கழித்துவிட்ட பத்தொன்பது அங்குல மானிட்டரை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஒரு மூலையில் கீறல் இருந்தது. படம் தெளிவாக இருந்தது. பவர் சப்ளையில் மட்டும் ஜெயசித்ரா பேரம் பேசவில்லை. கோடையில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் பணம் போதவில்லை. மெமரியில் கை வைத்தார்.

"ஐநூத்திப்பன்னெண்டு எம்.பி. வேணாம். எரநூத்தம்பத்தாறு போடுங்க."

"அதுல மிச்சம் புடிக்காத, தங்கச்சி."

"பொறவு பாத்துக்கறேன்."

ஊர் வந்ததும் கடையின் மேசைகளைத் திருப்பிப் போட்டார். புது கம்ப்யூட்டரைப் பின்சுவரையொட்டி, ரோட்டைப் பார்த்து வைத்தார். தடுப்பு, திரை எதுவும் கிடையாது. சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதி உள்ளே போகாதிருக்க, கேபினட்டின் ஓட்டைகளுக்கு மெல்லிய துணி தைத்துப் போட்டார். கட்டணமும் மணிக்கணக்கில் இல்லை. ஐந்து ஓவர் மேட்ச். ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கலாம், தோற்றவன் காசைக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். இரண்டாவது ஓவரில் படம் உறைந்து நின்றது. பவுலர் ஓடி வந்தவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். கூட்டம் விசிலடித்தது.

"அக்கா, அவனுக்குக் காலு மரத்துப் போச்சு."

"எறும்பு கடிச்சிருக்கும்டா."

இரண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள். ஜெயசித்ரா திருச்சிக்குப் போன் போட்டார்.

"நான் ஐநூத்திப்பன்னெண்டு போடுன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் தங்கசாமி.

"சொன்னீங்க."

"கேட்டியா?"

"கேக்கல. இப்ப என்ன பண்றது?"

"அடுத்த வாரம் வந்து வாங்கிட்டுப் போ. அதுவரைக்கும் அவன் காலத் தூக்கிட்டே நிக்கட்டும்."

அடுத்த வாரம் வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை. ஜெயசித்ரா பத்திரிகை அடிக்கும் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதிலிருந்த மெமரியும் அதே வகைதான். இரண்டு குச்சிகளில் ஒன்றைக் கழற்றி கேம்ஸ் கம்ப்யூட்டரில் சொருகினார். பவுலர் காலை இறக்கிப் பந்தைப் போட்டான். பத்திரிகைக் கம்ப்யூட்டர் அன்றிலிருந்து ஒரு பிள்ளையார் படத்தைத் திறக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டது. கல்யாண வீட்டுக்காரர்களிடம், "டீ சாப்டுட்டு வாங்க" என்று சொல்லிச் சமாளித்தார்.

தங்கசாமி சொன்னதும் பொய்யாகவில்லை. துப்பாக்கிச் சண்டை கேம் கேட்டு வந்த ஐ.டி.ஐ. மாணவர்கள் முகம் சுளித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவேயில்லை. மற்றவர்கள் வந்தார்கள். செந்துறை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், லாரி கிளீனர்கள், ஆடத் தெரியாமல் வேடிக்கை மட்டும் பார்க்கும் பெரியவர்கள். மார்கழி முடிவதற்குள் கூட்டம் கடைக்குள் கொள்ளாமல் வாசலுக்கு வந்துவிட்டது.

வாங்கும்போது நினைக்காத கவலை இப்போதுதான் ஜெயசித்ராவுக்கு வந்தது. நாலு பயல் வருவதையே பிடிக்காத கணவர், நாற்பது பேரைப் பார்த்தால் என்ன சொல்வார்?

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் செந்தில்குமார் கடைக்கு வந்தார். முந்தின நாள்தான் ஊர் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே நுழையப் பார்த்தவரை ஒரு பையன் கையை நீட்டி நிறுத்தினான்.

"அண்ணே, வரிசைல வாங்க. அக்கா திட்டும்."

ஜெயசித்ரா நிமிர்ந்து பார்த்தார். செந்தில்குமார் வரிசையில் போய் நின்றார். முன்னால் ஒருவன் கெட்ட வார்த்தை பேசினான். ஜெயசித்ரா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவன் கேம்பேடை வைத்துவிட்டு, "சரிக்கா" என்று தானாகவே வெளியே போனான். எதிரில் போண்டாக் கடை போட்டிருந்த குஞ்சம்மாள் ரோட்டைத் தாண்டி வந்து, திரையில் ஸ்கோரைப் பார்த்துவிட்டுப் போனார்.

முறை வந்ததும் செந்தில்குமார் உட்கார்ந்தார். மூன்றாவது ஓவரிலேயே கடைசி விக்கெட்டும் விழுந்தது. காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்.

"என்ன தம்பி, கடைய மூடப் போறியாமே?" என்றார் குஞ்சம்மாள், போண்டாவைத் திருப்பிக்கொண்டே.

"யாரு சொன்னா?"

"ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். அங்க யாரு வரா, யாரு போறா, எல்லாம் இங்கேருந்தே தெரியுது. மூடிட்டின்னா நான் போண்டாவ யாருக்குப் போடறது? நீ திங்கிறியா அம்புட்டையும்?"

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"எப்பவும் இப்பிடித் தொறந்துதான் கெடக்குமா?" என்றார் செந்தில்குமார்.

"சாத்துனா ரோட்டுல நிக்கறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

செந்தில்குமார் திரும்பிப் பூட்டிய கடையை ஒரு முறை பார்த்தார்.

"நீ தனியா உக்காந்திருப்பன்னு நெனச்சேன்" என்றார் அவர். பிறகு, "ஆறு மணிக்குச் சாத்திடு."

"ஆறு மணிக்குத்தான் வேல முடிஞ்சு ஆளே வரும். எட்டு."

"ஏழு."

"ஏழரை. வெள்ளிக்கெழம லீவு வுட்டுடறேன்."

லாரி ஒன்று கடந்து போகும்வரை அவர் யோசித்தார். "சரி, ஏழரை. ஆனா நாளைக்குக் காலைல, கூட்டம் வரதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மேட்ச் வேணும்."

"யாரு கூட ஆடுவீங்க?"

"நீ இருக்கல்ல."

கடையில் ஆயிரம் மேட்ச் பார்த்திருந்தும் ஜெயசித்ரா அதுவரை ஒன்றுகூட ஆடியதில்லை. "தோத்தவங்கதான் காசு குடுக்கணும்" என்றார்.